குவாத்தமாலா சிட்டில கம்மி செலவுல தங்க: ஸோனா 1ஆ, 10ஆ, 13ஆ, இல்ல நேரா பக்கத்து ஊர் ஆன்டிகுவாவா?

ரூம் தேடுறப்ப எல்லாரும் முதல்ல பாக்கறது பெட் என்ன விலைன்னுதான். குவாத்தமாலா சிட்டிக்கு அது மட்டும் பத்தாது. இருட்டினதுக்கு அப்புறம் வெளிய நடந்து போய் சாப்டுட்டு வர முடியுமாங்கறதுதான் இங்க பட்ஜெட்ட முடிவு பண்ணுது, நடக்க முடியாத ஏரியான்னா ரூம்ல மிச்சம் பிடிச்சது அப்படியே ஊபருக்கு போயிடும்.

ஊர் மொத்தமும் நம்பர் போட்ட ஸோனாக்கள், அதாவது வட்டாரங்கள். நடுவுல 1, அங்கேர்ந்து நத்தை ஓடு மாதிரி சுத்திக்கிட்டே வெளிய போகுது, 25 வரைக்கும் நம்பர் இருக்கு, ஆனா 20, 22, 23 கிடையாது. அட்ரஸ்ல 6 அவெனிதா 9-45ன்னு போட்டிருந்தா 6வது அவென்யூல, 9வது தெரு பக்கத்துல, 45ம் நம்பர் வீடுன்னு அர்த்தம், இதே அட்ரஸ் வேற ஸோனாலயும் இருக்கும்ங்கறதுதான் வம்பு. அதனால டிரைவர்கிட்ட ஸோனா நம்பரயும் சேத்து சொல்லுங்க, 18, 6, 3 மாதிரி பக்கம் தெரியாத்தனமா போய் இறங்கிட்டா கஷ்டம்.

ஸோனா 1 பழைய சென்டர். இருக்கறதுலயே விலை கம்மி, பாக்கறதுக்கும் நிறைய இருக்கு, தேசிய அரண்மனை, கதீட்ரல், கதீட்ரலுக்கு பின்னாடி தரைக்கு கீழ இருக்கற மெர்காதோ சென்ட்ரல், 1976 பூகம்பத்துல பழைய மார்க்கெட் போனதுக்கு அப்புறம் கட்டுனது. அங்க கைவினைப் பொருள் மட்டும் இல்ல, சாப்பாடும் மலிவு, கறி வேணாம்னா ஃப்ரிஹோலும் (பீன்ஸ்தான்) டார்ட்டியாவும் (சோள ரொட்டி) வறுத்த வாழைப்பழமும் வச்சு வயித்த ரொப்பிடலாம். சிக்கனும் எள்ளும் பூசணி விதையும் அரைச்சு வைக்கிற பெப்பியான் குழம்ப விட்டுடாதீங்க. வண்டிய நிறுத்திட்டு நடக்க விட்டிருக்கற செக்ஸ்டா அவெனிதால (6வது அவென்யூ) பகல்ல பயமே இல்லாம கூட்டத்தோட கூட்டமா போகலாம், போலீஸும் நிக்கும். ஆனா கடைய சாத்தினதும் ஊரே மாறிடும், ரெண்டு தெரு தள்ளி இருக்கற இடத்துக்கும் வண்டி புடிக்கணும். ஏழு மணிக்கு சாப்டுட்டு ரூம்ல அடைஞ்சு கிடக்கற ஆளா இருந்தா ஸோனா 1ஐ அடிச்சுக்க ஆள் இல்ல.

ஸோனா 10 நேர் எதிர். ஸோனா விவான்னு சொல்ற பகுதில பார், ஹோட்டல், மால், வாசலுக்கு வாசல் துப்பாக்கியோட செக்யூரிட்டி, அத பாத்தா தைரியம் வருமா பயம் வருமாங்கறது அவங்கவங்க மனச பொறுத்தது. ராத்திரி பத்து மணிக்கும் மெயின் ரோட்ல ஆள் நடமாட்டம் இருக்கும். மாயா நாகரிகப் பொருட்கள் வச்சிருக்கற போபோல் வூ மியூசியமும் துணி நெசவுக்குன்னே இருக்கற இஷ்செல் மியூசியமும் ஒரே யுனிவர்சிட்டி கேம்பஸ்ல பக்கத்து பக்கத்துல இருக்கு. ரூம் விலையும் காபி விலையும்தான் கடுப்பு. தனியா வர்ற பொண்ணுங்க, லேட்டா சுத்தறவங்க இங்கயே தங்கறது நல்லது, அந்த கூடுதல் காசு வீண் இல்ல. இது ரொம்ப ஓவர்னு தோணினா நடுவுல ஸோனா 4ல குவாட்ரோ கிராதோஸ் நோர்த்தேன்னு நாலஞ்சு தெரு இருக்கு, கஃபேயும் சுவர் ஓவியமுமா, அத சுத்தி மட்டும் தேடுங்க.

ஸோனா 13 பத்தி பெருசா சொல்ல ஒண்ணும் இல்ல. லா அவுரோரா ஏர்போர்ட் அங்கயே, ஊருக்குள்ளயே இருக்கு. வீட்ட கெஸ்ட் ஹவுஸா மாத்தி வச்சிருக்காங்க, நிறைய பேர் ஃப்ரீயா வந்து கூட்டிட்டு போவாங்க, காலைல ஃப்ளைட்டுன்னா இதுதான். சுத்தி சாப்பாட்டுக் கடை கம்மி. தேசிய தொல்லியல் மியூசியம் பக்கம், ஞாயித்துக்கிழமை அவெனிதா லாஸ் அமெரிகாஸ்ல கார நிறுத்திட்டு சைக்கிளுக்கு விட்டுடுவாங்க.

ஊருக்குள்ள போக வர டிரான்ஸ்மெட்ரோ பஸ். 2007ல ஆரம்பிச்சது, தனி லேன், ஸ்டேஷன்ல காவல், ரொம்ப வருஷம் டிக்கெட் 1 குவெட்சாலாதான் இருந்துச்சு (ஒரு டாலர் சுமாரா ஏழே முக்கால் குவெட்சால்). பழைய லோக்கல் பஸ்ல மட்டும் ஏறாதீங்க, காசு மிச்சம்னாலும் வேணாம். அந்த டிரைவர்கள்கிட்டயே கேங்குகாரங்க மாமூல் வாங்கறாங்க, குடுக்கலைன்னா சுடறாங்க, பஸ்ஸுக்குள்ள கொள்ளையும் சகஜம். ஏடிஎம்னா மாலுக்குள்ள இல்ல பேங்க்குக்குள்ள இருக்கறதுதான். ரோட்ல மொபைல வெளிய எடுத்துக்கிட்டு மேப் பாக்காதீங்க, கடைக்குள்ள ஏறி நின்னு பாருங்க. ஏதாவது ஆச்சுன்னா 1500க்கு அடிங்க, டூரிஸ்ட்டுக்குன்னே இருக்கற நம்பர், இங்கிலீஷ்ல பேசுவாங்க. பறிக்க வந்தா குடுத்துடுங்க, இழுபறி பண்ணவே பண்ணாதீங்க.

ஆன்டிகுவா? 1773 பூகம்பம் வரைக்கும் அதுதான் தலைநகர். 40 கிலோமீட்டர்தான், ஆனா டிராஃபிக்ல ரெண்டு மணி நேரமும் ஆகும். ஹாஸ்டல் நிறைய, மெயின் தெருக்கள்ல சாயங்காலமும் நிம்மதியா நடக்கலாம், அதனால மொத்த செலவுல ஸோனா 10ஐ விட கம்மியாவே முடியும். ஃப்ளைட் பகல்ல இறங்குதுன்னா ஏர்போர்ட்லேர்ந்தே ஷேர் ஷட்டில் புடிச்சு போயிடுங்க, மியூசியத்துக்கும் மார்க்கெட்டுக்கும் ஒரு நாள் பகல்ல திரும்பி வந்துக்கலாம். ராத்திரி லேட்டா இறங்கினா அன்னிக்கு மட்டும் ஸோனா 13ல படுத்துட்டு காலைல கிளம்புங்க.