45 சதவீத வாக்குக்கு எத்தனை இடம்? பிரான்ஸ், இத்தாலி, பவேரியா சிறுநகரத் தேர்தல்கள்: ஓர் ஒப்பீடு

நாலாயிரம் பேர் வாழும் ஊர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். மூன்று வேட்பாளர் பட்டியல்கள் போட்டியிட்டு 45, 35, 20 சதவீத வாக்குகள் வாங்குகின்றன. ஊர் பிரான்ஸில் இருந்து, இது இரண்டாம் சுற்று முடிவு என்றால், நகர மன்றத்தின் 27 இடங்கள் 20, 5, 2 என்று பிரியும். இத்தாலியில் 12 இடங்கள் 8, 3, 1. ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் 16 இடங்கள் 7, 6, 3.

மேயரை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்களா என்பதைத்தான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். ஊர் எப்படி நடக்கும் என்று தெரிய வேண்டுமானால், மன்றத்தில் அந்த மேயருக்காக எத்தனை கை உயரும் என்று பார்க்க வேண்டும்.

பிரான்ஸில் வாக்காளர் மேயருக்கு வாக்களிப்பதே இல்லை. ஒரு பட்டியலைத்தான் தேர்ந்தெடுக்கிறார். முதல் சுற்றில் எந்தப் பட்டியலும் பாதியைத் தாண்டாவிட்டால் அடுத்த ஞாயிறு இரண்டாம் சுற்று. 10 சதவீதம் எடுத்த பட்டியல்கள் அதில் நிற்கலாம். 5 சதவீதம் எடுத்தவை, நிற்கும் பட்டியல் ஒன்றோடு இணையலாம். இரண்டாம் சுற்றுக்கான மனுவைச் செவ்வாய் மாலை 6 மணிக்குள் கொடுத்துவிட வேண்டும். யாருக்கு எத்தனையாவது இடம் என்ற பேரம் முழுவதும் அந்த இரண்டே நாளில் முடிகிறது. வென்ற பட்டியலுக்கு முதலில் பாதி இடம், அதாவது 14. மீதி 13 இடங்களும் 5 சதவீதம் தாண்டிய எல்லாப் பட்டியல்களுக்கும் விகிதாசாரப்படி பிரியும். வென்றவருக்கு அதிலும் பங்கு உண்டு. அப்படித்தான் இன்னும் ஆறு சேர்ந்து 20 ஆகிறது. பிறகு மன்றம் கூடி இரகசிய வாக்கெடுப்பில் மேயரைத் தேர்ந்தெடுக்கிறது. 20 பேர் கையில் இருக்கும்போது அது வெறும் சடங்கு. சிறிய ஊருக்கு இந்தப் பரிசு அளவுக்கு மீறியது என்பதே எங்கள் கருத்து. எதிரணியின் ஏழு பேர் ஆறு ஆண்டுகள் பேசலாம், எதையும் தடுக்க முடியாது.

ஆயிரம் பேருக்கும் குறைவான கிராமங்களில் முன்பு பிடிக்காத பெயரை அடித்துவிட்டு வேறு பெயரை எழுதலாம். 2025 மே மாதச் சட்டம் அங்கும் பட்டியல் முறையைக் கொண்டுவந்து, 2026 மார்ச் தேர்தலிலிருந்து அந்த உரிமையை எடுத்துவிட்டது. பட்டியலில் ஆணும் பெண்ணும் மாறிமாறி வர வேண்டும் என்ற விதி கிராமங்களுக்கும் வந்தது நல்லதுதான். ஆனால் பழைய பழக்கத்தில் ஒரு பெயரைக் கோடு போட்டு அடித்தால் முழுச் சீட்டும் செல்லாமல் போகும்.

இத்தாலியின் ஏற்பாடு எளிது. 15,000 பேர் வரையுள்ள ஊரில் மேயர் வேட்பாளர் ஒருவருக்கு ஒரே பட்டியல். ஒரு வாக்கு அதிகம் வாங்கினாலும் மேயர் அவரே. இரண்டாம் சுற்று சரிசமமாக நின்றால் மட்டும்தான். மன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு அவர் பட்டியலுக்கு. 45 சதவீதமானாலும் 34 சதவீதமானாலும் அதே எட்டு இடம். வாக்காளர் விரும்பும் உறுப்பினரின் குடும்பப் பெயரைச் சீட்டில் எழுதலாம். 5,000 பேருக்கு மேற்பட்ட ஊரில் இரண்டு பெயர் எழுதலாம். இரண்டும் ஒரே பாலினமாக இருந்தால் இரண்டாவது விருப்பு வாக்கு செல்லாது. மாநிலங்களில் தனிச் சட்டம் உள்ள இடங்களுக்கு, உதாரணமாகச் சிசிலிக்கு, விதிகள் மாறும்.

பவேரியாவில் மேயருக்குத் தனிச் சீட்டு, மன்றத்துக்குத் தனிச் சீட்டு. மன்றத்தில் 16 இடம் என்றால் உங்களிடம் 16 வாக்கு. ஒருவருக்கு மூன்று வரை கொடுக்கலாம், எந்தப் பட்டியலிலிருந்தும் ஆளைப் பொறுக்கலாம், வேண்டாதவரை அடிக்கலாம். ஒருவருக்கு மூன்றுக்கு மேல் போட்டால் மிகுதி மட்டும் கணக்கில் வராது. மொத்தம் 17 ஆகிவிட்டால் சீட்டே செல்லாது. எண்ணிக்கையில் தடுமாறுபவர்களுக்குப் பாதுகாப்பான வழி: முதலில் ஒரு பட்டியலின் தலைப்பில் குறியிடுங்கள், பிறகு பிடித்தவர்களுக்கு மும்மூன்று வாக்குகள் கொடுங்கள். மிச்ச வாக்குகள் அந்தப் பட்டியலில் மேலிருந்து கீழாகத் தானாகப் போகும்.

பலர் கவனிக்காத ஒன்று: இடங்கள் முதலில் பட்டியலின் மொத்த வாக்கை வைத்தே பிரிகின்றன, அதன் பிறகுதான் பட்டியலுக்குள் யார் முந்தினார் என்ற கேள்வி. எதிர்ப்பட்டியலில் இருக்கும் உங்கள் நல்ல மருத்துவருக்கு மூன்று வாக்கு கொடுத்தால், அவர் தோற்றாலும் அந்த மூன்றும் அவருடைய அணிக்கே சேரும். ஒரு பட்டியல் இடம் பெற இங்கே குறைந்தபட்ச சதவீதத் தடை கிடையாது.

விலையும் உண்டு. சீட்டு மேசை விரிப்பு அளவுக்குப் பெரிது; மன்ற வாக்கு எண்ணிக்கை அடுத்த நாட்களுக்கும் நீளலாம். 20 சதவீதப் பட்டியலைச் சேர்ந்தவர் மேயராக வெல்லவும் கூடும். அவருக்கும் மன்றத்தில் ஒரு வாக்கு உண்டு என்பதால் மொத்தம் 17. தம் அணியின் மூவரோடு சேர்த்து நான்குதான் கையில். ஒவ்வொரு வரவு செலவுத் திட்டத்துக்கும் இன்னும் ஐந்து பேரைத் தேட வேண்டும். எல்லோரும் எல்லோரையும் அறிந்த ஊரில் இந்தத் தேடலே நல்லது என்று கருதுகிறோம். பத்தாயிரத்தைத் தாண்டி, கட்சிகள் இறுகிய ஊர்களில் இதுவே முட்டுக்கட்டையாகும்.

மேயர் நடுவில் விலகினால் மூன்று முறைகளும் மூன்று திசையில் போகின்றன. பிரான்ஸில் அதே மன்றம் தன்னிலிருந்து இன்னொருவரைத் தேர்ந்தெடுக்கும். மக்களிடம் போக வேண்டியதில்லை. பவேரியாவில் மேயர் பதவிக்கு மட்டும் மறுதேர்தல், மன்றம் தொடரும். ஆனால் பிடிக்காத மேயரை அங்கே மன்றமும் நீக்க முடியாது, மக்களும் இடையில் திருப்பி அழைக்க முடியாது. இத்தாலியில் மேயர் போனால் மன்றமும் கலையும்; நம்பிக்கையில்லாத் தீர்மானம் நிறைவேறினாலும் அப்படியே. மேயரை வீழ்த்த நினைக்கும் உறுப்பினர் தம் நாற்காலியையும் சேர்த்தே இழக்கிறார். ஐந்தாண்டு முடியும் முன் கலகம் வராமல் இருக்க இதைவிட வலுவான காரணம் வேண்டியதில்லை.

வாக்குரிமையில் மூன்றும் ஒன்றே. ஐரோப்பிய ஒன்றிய நாட்டுக் குடிமக்கள் வாக்களிக்கலாம், மன்ற உறுப்பினராகலாம்; பிரான்ஸிலும் இத்தாலியிலும் மேயராக முடியாது. இலங்கை அல்லது இந்தியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருப்பவருக்கு எத்தனை ஆண்டு வாழ்ந்தாலும் வாக்கில்லை. இன்னொரு ஒன்றிய நாட்டுக் குடியுரிமையோடு பிரான்ஸிலோ இத்தாலியிலோ குடியேறியவர் அதற்கென உள்ள துணைப் பட்டியலில் தாமே விண்ணப்பித்துப் பெயர் சேர்க்க வேண்டும். இத்தாலியில் அதற்கான கெடு வாக்குப்பதிவுக்கு 40 நாள் முன்பே முடிந்துவிடும்.