தறிச் சத்தத்துக்கு நடுவே ஐந்து வருடம்: போனில் பாடம் பார்த்த அனுபவம்

பல்லடம் பக்கம் எட்டுத் தறி ஓட்டுகிறேன். நான் படித்தது பன்னிரண்டாவது. மூத்தவள் இப்போது பத்தாவது, சின்னவன் மூன்றாவது. 2020-இல் பள்ளிக்கூடத்தைப் பூட்டியபோது அவள் ஐந்தாவது. அன்றைக்குப் பாடத்துக்காக எடுத்த போன், இன்னும் கீழே வைத்த பாடில்லை.

முதலில் கைகொடுத்தது கல்வித் தொலைக்காட்சி. 2019-இலேயே தொடங்கிவிட்டாலும் எங்களுக்கு அது தெரிந்தது ஊரடங்கில்தான். அது ஓடுகிற நேரத்துக்கு நம் வீட்டில் கரண்ட் இருக்க வேண்டும், தறியையும் நிறுத்த வேண்டும். அது நடக்கிற காரியமா? அதே பாடங்களை யூடியூபில் இரவு ஒன்பதுக்கு மேல் பார்க்கப் பழகினோம்.

அரசுப் பாடப்புத்தகத்தில் ஆங்காங்கே ஒரு கியூஆர் சதுரம் அச்சடித்திருப்பார்கள். இரண்டு வருடம் அதை அலங்காரம் என்றே நினைத்திருந்தேன். திக்ஷா செயலியைத் திறந்து அதன்மேல் காட்டினால் பாடத்துக்குரிய வீடியோ வருகிறது. தறி ஓடுகிற குடோனுக்குள் நெட் இழுக்காது என்பதால், ஞாயிற்றுக்கிழமை மகள் சித்தி வீட்டு வைஃபையில் அந்த வாரத்துக்கு வேண்டியதை இறக்கிக்கொண்டு வந்துவிடுவாள். பாடப்புத்தகங்களையும் பிடிஎஃப்பாக இலவசமாக எடுக்கலாம். தாராபுரத்தில் அமுச்சி வீட்டில் கணக்குப் புத்தகத்தை மறந்து வைத்துவிட்டு வந்த வாரம் அதுதான் காப்பாற்றியது. 2023-இல் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை கொண்டுவந்த மணற்கேணி பாடச் செயலியும் போனில் இருக்கிறது. பரீட்சை நெருங்கினால் திறப்பாள்.

எனக்கு ரொம்பப் பிடித்தது ஃபெட் (PhET), அறிவியல் சோதனைகளைத் திரையிலேயே செய்து பார்க்கிற இலவசத் தளம். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகத்தார் 2002-இல் ஆரம்பித்தது. நோபல் வாங்கிய இயற்பியல்காரர் கார்ல் வீமன் தொடங்கிவைத்தார். மின்னோட்டவியல் பாடத்தின்போது மகள் அதில் பேட்டரி, பல்பு, ஒயர் என்று விரலால் இழுத்து இழுத்துச் சுற்று போட்டுக்கொண்டிருந்தாள். தொடரிணைப்பில் இரண்டு பல்பு, இரண்டும் மங்கல். ஒரு ஒயரைக் கழற்றினாள், இரண்டும் அணைந்தன. "கண்ணு, நம்ம குடோன்ல இப்படி இழுத்திருந்தா ஒரு தறியை நிறுத்தினா எட்டும் நின்னுரும்" என்றேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்ப நம்முளுது பக்க இணைப்புங்களாப்பா?" புத்தகத்தில் படித்துக் காட்டியபோது வராத கேள்வி.

பத்து நிமிடம் கழித்து "அப்பா, தீ! இங்க வாங்க!" என்று ஒரே கத்தல். பாவு நூலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தவன் அப்படியே போட்டுவிட்டு ஓடினேன். பல்பே இல்லாமல் பேட்டரியின் இரு முனையையும் ஒயரால் சேர்த்திருக்கிறாள், திரையில் பேட்டரி எரிகிறது. அப்புறம் அவளைக் குடோனுக்குக் கூட்டிப்போய் பியூஸ் கேரியரைக் கழற்றி, அந்த மெல்லிய கம்பி எதற்காக முதலில் அறுந்துபோகிறது என்று காட்டினேன். இருபது வருடமாக நான் கட்டுகிற பியூஸ்தான். பாடமாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

சின்னவனுக்கு ஸ்டோரிவீவர். பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கியது. தமிழ்க் கதைகள் நிறைய உண்டு, படிக்கும் திறனுக்கேற்ப நான்கு நிலைகளாகப் பிரித்திருக்கிறார்கள், காசில்லை. முதல் நிலையில் பக்கத்துக்கு ஒரு வரி, இரண்டு வரிதான். 'பாட்டி' என்று எழுதியிருக்கும் இடத்தில் எல்லாம் இவன் 'அமுச்சி' என்று வாசிப்பான். நாங்கள் திருத்தவில்லை.

காசு கொடுத்து ஏமாந்ததும் உண்டு. ஒரு தனியார் செயலி, பெயர் வேண்டாம். ஒரு வாரம் இலவசம் என்றார்கள். எட்டாவது நாளிலிருந்து தினமும் போன், "உங்க பொண்ணு பின்தங்கிடுவாங்க சார்" என்று. பயந்துபோய் பதினெட்டாயிரம் கட்டினேன். மூன்று மாதத்துக்கு மேல் அவள் திறக்கவில்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டால் விதி எண் சொல்கிறார்கள். பெற்றோர் யாராவது இதைப் படித்தால், பயமுறுத்துகிற போன் வந்த அன்றைக்கு மட்டும் பணம் கட்டாதீர்கள். இரண்டு நாள் தள்ளிப் போடுங்கள்.

தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் பரீட்சைக்கு ஆகுமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. மகளுக்காகத் தேடப்போய் பழைய பாடநூல்களைப் பார்த்துவிட்டு நானும் வீட்டுக்காரியும் பன்னிரண்டு மணி வரை உட்கார்ந்திருந்தோம்.

இருப்பது ஒரே போன். எட்டரை வரை சின்னவனுக்கு, அப்புறம் பெரியவளுக்கு. அந்த எட்டரைக்குள் அவன் கதை படிக்கிறேன் என்று வாங்கிக்கொண்டு போய், பேட்டரிக்குத் தீ வைத்துக்கொண்டிருக்கிறான்.