1962 டோன் என்று சொல்லி ரப்பர் மரம் கொடுத்தார்கள்: பேஸ் கிட்டார் செய்யக் கொடுக்கப்போகிறவர்கள் கவனத்துக்கு

பேஸ் கிட்டார் ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கலாம் என்று யாராவது யோசித்துக்கொண்டிருந்தால், அட்வான்ஸ் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்கு 92,000 ரூபாயும் பதினொரு மாதமும் போய்விட்டது. விஷயம் இப்போது நுகர்வோர் ஆணையத்தில் இருப்பதால் செய்தவர் பெயரையும் ஊரையும் எழுதவில்லை. ஆனால் என்ன சொன்னார்கள், என்ன கொடுத்தார்கள், நான் எப்படிக் கண்டுபிடித்தேன் என்பதை ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

நான் கோயம்புத்தூரில் ஒரு மெல்லிசைக் குழுவில் பதினான்கு வருடமாக பேஸ் வாசிக்கிறேன். இளையராஜா பாட்டுகளில் பேஸ் தனியாக இன்னொரு பாட்டுப் பாடிக்கொண்டு போவதைக் கேட்டுத்தான் இந்த வாத்தியத்தின் மேல் ஆசை வந்தது. அந்த ஆசைதான் பின்னால் என்னை அமெரிக்காவின் டெட்ராய்டில் இருந்த மோட்டவுன் என்ற இசைத்தட்டு நிறுவனத்தின் பதிவுகளுக்கும், அங்கே வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சனுக்கும் கொண்டுபோய் விட்டது. அவருடைய பேஸ் 1962 ஃபெண்டர் பிரசிஷன், அதாவது ஃபெண்டர் கம்பெனியின் பிரசிஷன் என்ற மாடல். அந்த ஒலியைக் கேட்டவர்களுக்குத் தெரியும்: அடி வயிற்றிலிருந்து வரும், ஆனால் குழம்பாது. ஒவ்வொரு சுரமும் குண்டாக வந்து, நீளாமல் சட்டென்று அடங்கும். மரக்கதவை உள்ளங்கையால் தட்டியது போல. அசல் 1962 பிரசிஷன் வாங்க லட்சங்கள் வேண்டும், அதுவும் அமெரிக்காவிலிருந்து வரவேண்டும். அதனால்தான் இங்கேயே ஒன்று செய்து வாங்கலாம் என்று நினைத்தேன்.

போன வருடம் பொங்கல் முடிந்த வாரம் பேஸ் செய்துகொடுப்பவரிடம் பேசினேன். மனிதருக்கு விவரம் தெரியும், அதை மறுக்க மாட்டேன். பிரசிஷனுக்கு இரண்டாகப் பிரிந்த பிக்கப் (ஸ்ட்ரிங்கின் அதிர்வை மின் சைகையாக்கும் பாகம்) 1957-இல்தான் வந்தது, ஆல்டர் மர பாடி, மேப்பிள் மர நெக் (கழுத்து), அதன் மேல் ரோஸ்வுட் பலகை, பிக்கப்புக்கு உள்ளே ஆல்னிக்கோ என்ற உலோகக் கலவைக் காந்தம், மேலே நைட்ரோ லாக்கர் பூச்சு என்று சரளமாகச் சொன்னார். "பிரதர், எல்லாம் மரத்தில் இருக்கு. பத்து வருஷம் உலர்ந்த ஆல்டர் என்கிட்ட ஒரே ஒரு கட்டை இருக்கு, வேற ரெண்டு பேர் கேட்டுட்டு இருக்காங்க" என்றார். அன்றைக்கே 50,000 அனுப்பினேன், யுபிஐ-யில், அவருடைய சொந்தக் கணக்குக்கு. ரசீது கேட்டதற்கு, வேலை முடிந்ததும் மொத்தமாக பில் தருகிறேன் என்றார். அந்த பில் கடைசி வரை வரவில்லை.

சித்திரைக்குள் தருவதாகப் பேச்சு. சித்திரையில் ஒரு புகைப்படம் வந்தது: வெட்டி முடித்த பாடி, மேல் கொம்புக்கு (பாடியில் கொம்பு போல நீளும் மேல் பகுதி) சற்றுக் கீழே கண் வடிவத்தில் ஒரு முடிச்சு. அழகாக இருந்தது, அதை என் போனின் முகப்புப் படமாகவே வைத்திருந்தேன். அப்புறம் ஆடி வரை பேச்சே இல்லை. கேட்டால் மழை, ஈரத்தில் லாக்கர் அடித்தால் வெளுத்துவிடும், காய விடவேண்டும் என்பார். இதில் சிக்கல் என்னவென்றால் அது உண்மையான காரணம், நைட்ரோ லாக்கர் ஈரக் காற்றில் அப்படித்தான் பால் பூத்தது போலாகும். அதனால் நம்பினேன். நிஜத்தில் அவர் நைட்ரோ அடிக்கவே இல்லை என்பது பிறகு தெரிந்தது. மீதி 42,000 அனுப்பினால்தான் பார்சல் கிளம்பும் என்று கார்த்திகையில் சொன்னார். அனுப்பினேன்.

பெட்டியைத் தூக்கும்போதே மனசு கெட்டுவிட்டது. வீட்டுத் தராசில் 5.2 கிலோ. என் நண்பரிடம் இருக்கும் ஆல்டர் பிரசிஷன் ஏறக்குறைய 4 கிலோதான். ஒன்றிரண்டு நூறு கிராம் வித்தியாசம் மரத்துக்கு மரம் இருக்கும், ஒரு கிலோவுக்கு மேல் இருக்காது. சன்பர்ஸ்ட் பெயின்ட், நடுவில் தேன் நிறம், ஓரம் போகப் போகக் கறுப்பு. நடுப்பகுதி ஒளி ஊடுருவும் நிறம், அடியில் இருக்கும் ரேகை தெரியவேண்டும். புகைப்படத்தில் இருந்த முடிச்சைத் தேடினேன், இல்லை. போன் செய்தால் "பெயின்ட்ல மறைஞ்சிருக்கும் பிரதர்" என்றார். கண்ணாடி மாதிரி இருக்கிற நிறத்துக்கு அடியில் கட்டைவிரல் அளவு முடிச்சு எப்படி மறையும்?

ஸ்ட்ரிங்கைத் தளர்த்தி, மேலே இருக்கும் பிளாஸ்டிக் தகடைக் கழற்றினேன். யார் வாங்கினாலும் முதல் நாளே இதைச் செய்யுங்கள், சில திருகுகள்தான். பிக்கப் உட்காரும் குழியின் விளிம்பைப் பார்த்தால், மேலே காகிதம் போல ஒரு மெல்லிய படலம், அதற்குக் கீழே வேறு மரம். அதாவது மேலே ரேகையுள்ள மெல்லிய மரத்தகடு (வெனியர்) ஒட்டி, அதன் மேல் சன்பர்ஸ்ட் அடித்திருக்கிறார்கள். ஒட்டுகளை மறைக்கப் பக்கவாட்டில் முழுக் கறுப்பு. குழிக்குள் நான்கைந்து துண்டுகள் சேர்ந்த கோடுகளும் பட்டி பூசிய இடமும் தெரிந்தன. எங்கள் தெருவில் தச்சுவேலை செய்யும் அண்ணனிடம் கொண்டுபோனேன். நகத்தால் கீறி, முகர்ந்து, "இது ரப்பர் மரம் தம்பி, கட்டில் செய்யறதுக்கு வர்ற பலகை" என்றார். ரப்பர் மரத்தில் பேஸ் செய்யக் கூடாது என்றில்லை. ஆனால் நான் காசு கொடுத்தது ஆல்டருக்கு.

நெக் பொருந்தும் குழியில், வெளியே தெரியாத மூலையில், பஞ்சில் தின்னர் தொட்டுத் தேய்த்தேன். நைட்ரோவாக இருந்தால் கரைந்து பிசுபிசுக்கும். ஒன்றும் ஆகவில்லை. காருக்கு அடிக்கும் பெயின்ட் மாதிரி தடியான பூச்சு.

நெக்கின் மேல் விரல் வைத்து அழுத்தும் ஃபிரெட் பலகை ரோஸ்வுட், அதுவும் நம்ம ஊர் ஈட்டி என்று பெருமையாகச் சொல்லியிருந்தார். ஒரு மணி நேரம் வியர்க்க வாசித்ததும் விரல் நுனியெல்லாம் கறுத்துவிட்டது. ஈட்டிக்கு எண்ணெய்ப் பசை உண்டு, சாயம் போகாது. இது ஏதோ வெளிறிய மரத்துக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியது. தமிழ்நாட்டில் ஈட்டி கொண்டுபோகக் கட்டுப்பாடு உண்டு, அதனால் முறையாக வாங்கியவரிடம் அதற்கான காகிதம் இருக்கும். அதைக் கேட்டிருக்கவேண்டும்.

இதையெல்லாம் விட எனக்குக் கோபம் வந்தது பிக்கப்பில்தான். ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் உஸ்ஸென்று ஒரே இரைச்சல், டியூப்லைட் பக்கம் திரும்பினால் இன்னும் அதிகம். பிரசிஷன் பிக்கப்பின் அழகே அந்த இரைச்சல் வராததுதான். இரண்டு பாதிகளில் ஒன்றின் காந்தம் வடக்கு மேலே, மற்றதில் தெற்கு மேலே. கம்பியும் எதிர்த் திசையில் சுற்றியிருக்கும். வெளியிலிருந்து வரும் மின் இரைச்சல் ஒரு பாதியில் வருவதை மறுபாதி அழித்துவிடும், ஸ்ட்ரிங்கின் ஒலி மட்டும் தங்கும். நான் பையன் பள்ளிக்கூடப் பெட்டியில் இருந்த திசைகாட்டியை எடுத்து இரண்டு பாதிக்கும் மேலே வைத்துப் பார்த்தேன். இரண்டிலும் ஊசி ஒரே பக்கம் திரும்பியது. ஒரே மாதிரி இரண்டு பாதிகளை வாங்கி மாட்டியிருக்கிறார்கள். கழற்றித் திருப்பினால் அடியில் பட்டையாக ஒரு செராமிக் காந்தம், அதன் மேல் வெறும் இரும்புக் கம்பிகள். ஆல்னிக்கோ என்றால் அந்தக் கம்பிகளே காந்தமாக இருக்கும், அடியில் பட்டையே இருக்காது. மல்டிமீட்டரில் 7.2 கிலோ ஓம் காட்டியது, அந்தக் காலத்து பிரசிஷன் பிக்கப்புக்கு 10 கிலோ ஓமைச் சுற்றி இருக்கும். உக்கடம் பக்கம் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஒருவர் பார்த்துவிட்டு, இந்த ஜோடி ஆன்லைனில் எண்ணூறு ரூபாய்க்குக் கிடைக்கும் என்றார். பேஸ் செய்தவர் என்னிடம் இதற்கு மட்டும் 14,000 கணக்குச் சொல்லியிருந்தார்.

பாடியில் ஸ்ட்ரிங்கைத் தாங்கும் பிரிட்ஜும் தவறான இடத்தில். 34 அங்குல ஸ்கேலில் (ஸ்ட்ரிங்கின் ஒலிக்கும் நீளம்) நெக்கின் தலைப்பக்கம் ஸ்ட்ரிங் உட்காரும் நட்டிலிருந்து 12-ஆவது ஃபிரெட் (சுரம் பிரிக்கும் குறுக்குக் கம்பி) சரியாக 17 அங்குலம், அது சரியாகத்தான் இருந்தது. ஆனால் பிரிட்ஜை முன்னால் தள்ளித் திருகியதால், E ஸ்ட்ரிங்கின் சேடிலை (பிரிட்ஜில் ஸ்ட்ரிங் படியும் நகரும் துண்டு) கடைசி வரை பின்னுக்கு இழுத்தும் 12-ஆவது ஃபிரெட்டில் சுருதி ஏறியே நின்றது. மார்கழியில் நெக் வில் மாதிரி வளைய ஆரம்பித்தது. ட்ரஸ் ராடை (நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே இருக்கும் இரும்புக் கம்பி) திருகினால் அதன் திருகு சும்மா சுற்றுகிறது, உள்ளே பிடிப்பே இல்லை. உலராத மரம், வேலை செய்யாத கம்பி. இதற்கு மேல் அதை வாத்தியம் என்று சொல்ல எனக்கு மனமில்லை.

சரி, அந்த டோன் விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் ஏமாற்றுவதற்கு அவர்கள் பிடித்துக்கொள்வது இதைத்தான். "எல்லாம் மரத்தில் இருக்கு" என்ற பேச்சு. ஜேமர்சனின் பேஸில் இருந்தது லா பெல்லா கம்பெனியின் தடிமனான ஃபிளாட்வுண்ட் (மேலே தட்டையான கம்பி சுற்றிய) ஸ்ட்ரிங்ஸ், அறுந்தால் ஒழிய அவர் மாற்றவே மாட்டார். பிரிட்ஜுக்கு மேல் இருக்கும் இரும்பு மூடிக்கு அடியில் ஸ்பாஞ்ச், அதுதான் சுரத்தைச் சட்டென்று அடக்கியது. ஆக்‌ஷன் (ஸ்ட்ரிங் பலகைக்கு மேல் நிற்கும் உயரம்) மிக அதிகம். வலது கையில் ஆள்காட்டி விரல் ஒன்று மட்டும். மோட்டவுன் ஸ்டுடியோவில் பேஸை நேராகக் கன்சோலுக்குள் (ஒலிக்கலவை மேசை) கொடுத்துப் பதிவு செய்தார்கள். இவ்வளவும் சேர்ந்ததுதான் நாம் கேட்கிற ஒலி. அந்த பேஸ் 1983-இல் அவர் இறப்பதற்குச் சற்று முன் திருட்டுப் போய்விட்டது. அதே மரம், அதே கட்டை என்று யார் சொன்னாலும் ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் என்ன இருக்கிறது?

இதை வெறுமனே சொல்லவில்லை. நான் கல்லூரியில் வாங்கிய பழைய பேஸ் ஒன்று, பிரசிஷன் மாதிரிதான், சாதாரணக் கம்பெனி, மூலையில் கிடந்தது. அதில் ஃபிளாட்வுண்ட் மாட்டி, பிரிட்ஜ் பக்கம் பாத்திரம் தேய்க்கிற ஸ்பாஞ்சைச் சிறு துண்டாக வெட்டிச் செருகி, டோன் குமிழைப் பாதிக்குக் குறைத்து வாசித்தேன். பதினொரு மாதம் நான் காத்திருந்த ஒலிக்கு அவ்வளவு பக்கத்தில் வந்தது, அன்றைக்கு ராத்திரி தூக்கமே வரவில்லை. ஸ்ட்ரிங்குக்கு ஆன செலவு ஐயாயிரம் சொச்சம்.

அதனால் யாரிடமாவது செய்யக் கொடுத்தால், "1962 டோன்" என்று எழுதி வாங்காதீர்கள், அதை எந்த ஆணையத்திலும் நிரூபிக்க முடியாது. மரத்தின் பெயர், எத்தனை துண்டு, மொத்த எடை எத்தனை கிலோவுக்குள், பிக்கப்பின் காந்தம் என்ன வகை, எத்தனை கிலோ ஓம், பூச்சு என்ன, ட்ரஸ் ராட் இரண்டு பக்கமும் வேலை செய்யவேண்டும், எந்தத் தேதிக்குள் என்று அளக்கக்கூடியதாக எழுதி வாங்குங்கள். பெயின்ட் அடிக்கும் முன் நேரில் போய்க் கட்டையைப் பாருங்கள். போக முடியாவிட்டால், அன்றைய செய்தித்தாளைப் பக்கத்தில் வைத்து வீடியோ அனுப்பச் சொல்லுங்கள். தயங்கினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். ஜிஎஸ்டி பில் தராதவருக்குப் பாதிப் பணம் முன்கூட்டிப் போகக் கூடாது.

ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள் முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் பேசுங்கள், தமிழிலேயே பேசலாம். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் இல்லாமலும் மனு கொடுக்கலாம், ஆனால் இரண்டு வருடத்துக்குள் கொடுத்தாகவேண்டும். நான் வாட்ஸப் பேச்சு முழுவதையும், யுபிஐ விவரத்தையும், தராசில் எடை தெரியும் படத்தையும், தச்சுவேலை அண்ணனின் கையெழுத்துப் போட்ட குறிப்பையும் வைத்துக் கொடுத்திருக்கிறேன். நோட்டீஸ் போன பிறகு பேஸ் செய்தவர் ஒரு முறை போன் செய்து, 20,000 தருகிறேன், மனுவைத் திரும்ப வாங்குங்கள் என்றார். முடியாது என்று சொல்லிவிட்டேன்.

ஒரு உதவி வேண்டும். மேல் கொம்புக்குக் கீழே கண் மாதிரி முடிச்சு இருக்கும் அந்த பாடியின் புகைப்படம் எனக்கு மட்டும் வரவில்லை. "இதுதான் உங்க பாடி" என்று சொல்லி அதே படம் திருச்சியில் ஒருவருக்கும் மதுரையில் ஒருவருக்கும் போயிருக்கிறது, இருவரும் தேதியோடு எனக்கு அனுப்பியிருக்கிறார்கள். உங்களுக்கும் வந்திருந்தால் தேதி தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து எனக்குத் தனியாக அனுப்புங்கள், அடுத்த விசாரணைக்குள் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்.