வீட்டில் காய்கறிப் பாத்தி அமைக்க முன்பணம் கொடுக்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

18,500 ரூபாய் கொடுத்து, காய்கறிப் பாத்தி என்ற பெயரில் கட்டட இடிபாட்டை வாங்கிக் கொல்லையில் வைத்திருக்கிறோம். நேற்று மாலைதான் தோண்டிப் பார்த்தோம். ஆத்திரம் அடங்குவதற்குள் எழுதிவிட வேண்டும், இதே வலையில் இன்னொருவர் விழக் கூடாது என்பதற்காகவே இந்தப் பதிவு. இத்தகைய பாத்தியை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

எங்கள் வீடு தாம்பரத்துக்கு அப்பால், களிமண் நிலத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கொல்லையில் தண்ணீர் தேங்கி, செடிகளின் வேர் அழுகிவிடும். தரைக்கு மேல் பலகை அடித்து மண் நிரப்பிய மேட்டுப் பாத்தி அமைத்தால் அந்தத் தொல்லை இராது என்பதால், வீட்டுத் தோட்டம் அமைத்துத் தருவதாகச் சமூக ஊடகத்தில் விளம்பரம் செய்யும் ஒரு சேவையை அழைத்தோம். நீளம் எட்டு அடி, அகலம் நான்கு அடி, உயரம் ஒன்றேகால் அடி. அதற்கு 1,100 லிட்டர் மண் கலவை, நீர் புகாத மரைன் பிளைவுட் பலகை, நாட்டு விதைகள் எல்லாம் சேர்த்து 18,500 ரூபாய் என்றார்கள்.

அளவெடுக்க வந்தவர் மிகவும் பணிவாகப் பேசினார். பையிலிருந்து ஒரு பிடி கலவையை எடுத்து என் மாமியாரின் உள்ளங்கையில் வைத்து, "அம்மா, செம்மண், மண்புழு உரம், தென்னை நார்க் கழிவு மூணும் சமமா கலந்திருக்கோம். மோந்து பாருங்க, மழை பெஞ்ச வயல் மாதிரி இருக்கும்" என்றார். உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. தஞ்சாவூர்ப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்து, மண்ணைத் தொட்டே தரம் சொல்லக் கூடிய அவரே திருப்தியுடன் தலையசைத்தார். அந்த ஒரு பிடி மண்ணை நம்பித்தான் முழுத் தொகையையும் அனுப்பினோம். காட்டியது ஒரு கலவை, கொட்டியது வேறு என்பது நேற்றுத்தான் தெரிந்தது.

ஆடிப்பட்டத்துக்கு வெண்டையும் கத்தரியும் முளைக்கீரையும் விதைத்தோம். கீரை முளைத்து, இரண்டு இலை விட்டதும் ஓரம் கருகத் தொடங்கியது. வெண்டைக் கன்றுகள் வெளிர் மஞ்சளாகி அப்படியே நின்றுவிட்டன. வெயில் ஏறியதும் மண்ணின் மேற்பரப்பில் வெள்ளையாகப் பொரிந்து நின்றதைப் பார்த்த மாமியார், "இது உப்பு" என்று ஒரே சொல்லில் முடித்தார். கழுவாத தென்னை நார்க் கழிவில் உப்பு மிகுதியாக இருக்கும். மட்காத நார்க் கழிவோ தான் மட்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். அதனால்தான் அதைச் சிப்பிக் காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்க வைத்த பிறகே நிலத்தில் இடச் சொல்கிறார்கள். இதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கு இது தெரியாது என்று நான் நம்பவில்லை.

புகார் சொன்னபோது முதலில், "தண்ணி அதிகமா ஊத்துறீங்க" என்றார்கள். சில நாள் கழித்து வேறொருவர், "தண்ணி பத்தல" என்றார். படம் அனுப்பினால் நீல டிக் விழும், பதில் வராது. ஒரு மழைக்கே மரைன் பிளைவுட் பலகை ஊதி, ஏடு ஏடாகப் பிரிந்ததைச் சொன்னபோது, "மழைத்தண்ணி பட்டா எங்க பொறுப்பு இல்லைங்க" என்றார்கள். கொல்லையில் வைக்கும் பாத்தியில் மழை படாமல் வேறு எங்கே படும்?

நேற்று என் கணவர் மண்வெட்டியால் தோண்டினார். அரை அடிக்குக் கீழே உடைந்த செங்கல், காரைத் துண்டுகள், கெட்டியாகிப் போன சிமென்ட் கட்டிகள். படம் எடுத்து அனுப்பியதும் அந்தப் பணிவானவரே அழைத்து, "அது வடிகாலுக்காகப் போடுறது மேடம்" என்றார். அடி திறந்து, தரைமேல் நேரடியாக உட்கார்ந்திருக்கும் பாத்திக்குத் தனி வடிகால் அடுக்கு எதற்கு? சிமென்ட் காரை மண்ணின் காரத்தன்மையைக் கூட்டும் என்பதையும் சேர்த்துக் கேட்டேன். "ஓனர்கிட்ட பேசிட்டு கூப்பிடுறேன்" என்று வைத்தவர், இப்போது எங்கள் எண்ணைத் தடை செய்துவிட்டார். 18,500 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பவில்லை. ஆடிப்பட்டமும் கைவிட்டுப் போயிற்று.

ரசீது கேட்டபோதெல்லாம், "வாட்ஸ்அப்ல அனுப்பின எஸ்டிமேட்டே போதும்" என்றார்கள். ரசீது தர மறுப்பதையே 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறையாகக் கருதுகிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்திருக்கிறோம். பணம் அனுப்பிய விவரமும் அந்த எஸ்டிமேட்டும் கைவசம் இருக்கின்றன.

விரிவாக எழுத நினைத்த ஆலோசனைகளை எழுதும் மனநிலை இப்போது இல்லை. அவசரமாகச் சிலவற்றை மட்டும் சொல்கிறேன். முழுப் பணத்தையும் முன்பே அனுப்பாதீர்கள். கலவையைக் கொட்டும்போது பக்கத்தில் நின்று, ஒவ்வொரு மூட்டையையும் பிரித்துப் பாருங்கள். நார்க் கழிவு வந்தால் தண்ணீரில் ஊறவைத்து, பல முறை அலசி வடித்த பிறகே மண்ணில் சேர்க்கச் சொல்லுங்கள். பலகைத் துண்டு ஒன்றை வாங்கி, ஒரு வாரம் வாளித் தண்ணீரில் போட்டு வையுங்கள். ரசீது தராதவர்களுக்கு வேலையே கொடுக்காதீர்கள்.