ஊர் ஊராகப் பாடப் போகும் குழுவுக்கு ஒரு மைக்: ஷூர் எஸ்எம்58

இளைஞர்கள் சேர்ந்து ஒரு இசைக்குழு தொடங்கி, ஊர் ஊராகப் போய் மேடையேறத் துணிந்துவிட்டால், கிட்டாருக்கும் ட்ரம்ஸுக்கும் செலவழித்த கையோடு பாடுபவருக்கென்று சொந்தமாக ஒரு மைக்கும் வாங்கிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது ஷூர் நிறுவனத்தின் எஸ்எம்58 ஆக இருக்கலாமா, யாருக்கு அது பொருந்தும், யாருக்குப் பொருந்தாது என்பதைப் பற்றியே இந்த மதிப்புரை. ஒலிப்பதிவுக் கூடத்தின் அமைதியில் வைத்துச் சோதித்துப் பார்த்து எழுதுவது அல்ல இது. இளம் குழு ஒன்றுக்கு ஒலி அமைக்கும் பொறுப்பை ஏற்று, இந்த மைக்கை வேனில் ஏற்றி இறக்கி, தெரியாத மேடைகளில் பொருத்தி, இரவில் துடைத்து உறையில் போட்டு வைத்த பழக்கத்திலிருந்து எழுதுகிறேன்.

பயணத்தில் இருக்கும் குழுவின் ஒரு நாள் பெரும்பாலும் வேனில் உட்கார்ந்தே கழிகிறது. மதியத்துக்கு மேல் அரங்கை அடைந்து, பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். சவுண்ட் செக் பொதுவாக நிகழ்ச்சி வரிசைக்குத் தலைகீழாகவே நடக்கும். கடைசியில் பாடும் பெரிய குழு முதலில் சோதித்துப் பார்க்கும். முதலில் மேடையேற வேண்டிய சின்னக் குழுவின் முறை கடைசியில்தான் வரும், ஏனென்றால் அதன் கருவிகள் அப்படியே மேடையில் இருந்துவிடலாம். ஏற்பாடு நியாயமானதுதான் என்றாலும், முன்னவர்கள் எடுத்துக்கொண்ட நேரமெல்லாம் இளம் குழுவின் கணக்கில்தான் கழியும். கதவு திறந்து ஆட்கள் உள்ளே வருவதற்குள் ஒரு பாட்டில் பாதி பாடிப் பார்க்க வாய்த்தாலே அதிர்ஷ்டம். அந்தச் சில நிமிடங்களில், அன்றுதான் முதன்முறை சந்திக்கும் ஒலிப்பொறியாளர், அதுவரை கேட்டிராத ஒரு குரலை, நீங்கள் அதுவரை பார்த்திராத ஒரு கூடத்துக்குத் தகுந்தபடி சரிசெய்ய வேண்டும்.

எஸ்எம்58 தன் மதிப்பைக் காட்டுவது இந்த இடத்தில்தான். உலகில் மேடை ஒலியமைப்பைத் தொழிலாகச் செய்பவர்களில் இந்த மைக்கைக் கையாளாதவர் அரிது. அதன் எந்தப் பகுதி தடித்து ஒலிக்கும், எவ்வளவு பேஸைக் (அடித்தொனியை) குறைத்தால் குரல் தெளியும், எந்த அளவுக்கு ஏற்றினால் மானிட்டரில், அதாவது பாடுபவர் தன் குரலைக் கேட்க மேடையில் வைக்கும் ஸ்பீக்கரில், ஒலி மீண்டும் மைக்குக்குள் புகுந்து கூவத் தொடங்கும் என்பதெல்லாம் அவர்கள் கைக்கே பழகிப்போனவை. கூடம், குரல், மைக் என்ற மூன்றில் ஒன்றாவது தெரிந்ததாக இருந்துவிட்டால், கிடைக்கும் நேரம் முழுவதையும் மற்ற இரண்டுக்கும் செலவழிக்கலாம். இதைவிட அழகாக ஒலிக்கும் மைக்குகள் உண்டு, ஐயமில்லை. ஆனால் பயணத்தில் இருக்கும் குழுவுக்கு அழகைவிட முக்கியமானது, நேற்று ஒலித்தபடியே இன்றும் ஒலிப்பது.

இந்த மைக் சந்தைக்கு வந்தது 1966இல். அதற்கு முந்தைய ஆண்டில் வெளியான எஸ்எம்57 இதன் உடன்பிறப்பு. இரண்டுக்கும் அடிப்படை, எர்னி சீலர் என்ற ஷூர் பொறியாளர் உருவாக்கி 1959இல் வெளிவந்த யூனிடைன் 3 என்ற கேப்சூல், அதாவது மைக்குக்குள் ஒலியை மின்சாரமாக மாற்றும் பகுதி. தொலைக்காட்சி, ஒலிப்பதிவுக் கூடங்களை மனத்தில் வைத்துத்தான் இவை செய்யப்பட்டன. விளக்கொளியில் மின்னாத சாம்பல் வண்ணப் பூச்சுக்கும், ஆன்-ஆஃப் சுவிட்ச் வைக்காததற்கும் அதுவே காரணம். நிலைத்த இடம் கிடைத்ததோ மேடையில். இத்தனை ஆண்டுகள் கழித்தும் வடிவம் அநேகமாக மாறாமல் இருப்பதால், தலை வலையிலிருந்து கேப்சூல் வரை உதிரி பாகம் கிடைப்பது எளிது. வீட்டிலிருந்து வெகுதூரம் வந்துவிட்ட குழுவுக்கு இது சின்ன விஷயம் அல்ல.

எடை 298 கிராம். கையில் எடுத்ததும் உலோகத்தின் திண்மை தெரியும். தலையில் இருக்கும் எஃகு வலை உருண்டை கேப்சூலுக்கு அரணாக நிற்கிறது. மைக் கீழே விழும்போது அடியை வாங்கிக்கொண்டு நசுங்குவது வலைதான். உள்ளே கேப்சூல், காற்றறையோடு கூடிய ரப்பர் தாங்கியின்மேல் உட்கார்ந்திருப்பதால் அதிர்ச்சி அதுவரை முழுதாகப் போய்ச் சேர்வதில்லை. கையை மாற்றிப் பிடிக்கும்போது உண்டாகும் உராய்வுச் சத்தத்தைக் குறைப்பதும் அதே தாங்கிதான். எங்கள் மைக் ஸ்டாண்டோடு சாய்ந்து விழுந்து, வலையில் குழி விழுந்த நிலையிலும் நிகழ்ச்சி முடியும்வரை ஒலி மாறாமல் உழைத்தது. மறுநாள் வலையைத் திருகிக் கழற்றி, ஸ்பாஞ்சை வெளியே எடுத்து, ஒரு தடித்த பேனாவின் அடிப்பகுதியால் உள்ளிருந்து மெல்ல மெல்லத் தள்ளியதில் குழி பெரும்பாலும் நிமிர்ந்துவிட்டது. வடு இன்னும் இருக்கிறது. அதை வைத்தே எங்களுடையது எது என்று கூட்டத்தில் கண்டுகொள்கிறோம்.

ஒலியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். மனிதக் காது ஏறத்தாழ 20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் (விநாடிக்கு இத்தனை அதிர்வு என்ற அளவு; எண் ஏற ஏற ஒலி கூர்மையாகும்) வரை கேட்கும். எஸ்எம்58 ஏற்பது 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. காகிதத்தில் இது குறையாகத் தெரியும். மேடையிலோ அந்தக் குறுக்கமே கைகொடுக்கிறது. கீழ்ப்பகுதி இயல்பாகவே சரிவதால் மேடைப் பலகையின் அதிர்வும் பேஸ் கிட்டாரின் முனகலும் குரலோடு அவ்வளவாகக் கலப்பதில்லை. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஒலி சற்று எடுப்பாக எழுகிறது. சொற்களின் மெய்யெழுத்துகள் புரிவது இந்தப் பகுதியில்தான் என்பதால், இரண்டு கிட்டார்களுக்கு நடுவிலும் பாட்டின் வரிகள் கேட்பவரைச் சென்றடைகின்றன. உதட்டை வலையோடு ஒட்டிப் பாடினால் குரலின் கீழ்ப்பகுதி தடிக்கும், விலகினால் மெலியும். இந்த இயல்பை அறிந்து பாடுபவர், மெதுவான சரணத்தில் நெருங்கி வந்து குரலுக்குக் கதகதப்பூட்டிவிட்டு, உச்சத்தில் சற்றே விலகி முழுத் தொண்டையில் பாட முடியும். அப்படி விலகுவதற்கும் ஓர் அளவு உண்டு. தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் குரல் சுமார் 6 டெசிபல் இறங்கும், பின்னால் முழங்கும் சிம்பல் மட்டும் அதே அளவில் நிற்கும்.

குறைகளையும் மறைக்க வேண்டியதில்லை. மேல் ஸ்தாயியில் இதன் ஒலி சற்று மங்கல்தான்; காற்றோட்டமான மென்குரலின் நுண்மைகள் இதில் முழுதாக வருவதில்லை. அமைதியாக அமர்ந்து கேட்கும் கூடத்தில், ஒற்றைக் கிட்டாரோடு பாடும் குழுவென்றால் நுண்ணொலிகளையும் எடுக்கும் கண்டென்சர் வகையில் நல்ல மைக் ஒன்று கூடுதலாகப் பேசும். அதே கண்டென்சரை ட்ரம்ஸுக்கு இரண்டடி முன்னால் நிறுத்தினால் குரலோடு சிம்பலையும் சேர்த்து வாரிக்கொண்டு வந்து, மேடை ஒலிகளையெல்லாம் சேர்த்துச் சரிசெய்யும் கருவியான மிக்சரில் கொட்டும். எஸ்எம்58இன் வெளியீடும் குறைவு. தாழ்ந்த குரலில் பாடுபவருக்கு மிக்சரின் கெயினை (உள்ளே வரும் ஒலியைப் பெருக்கும் அளவை) நிறையவே ஏற்ற வேண்டியிருக்கும். அரங்கின் மிக்சர் மலிவானதாக இருந்தால், அதன் இரைச்சலும் சேர்ந்து ஏறும்.

இதய வடிவ ஏற்பு கொண்ட மைக் என்பதால் நேர் பின்புறத்திலிருந்து வரும் ஒலியை இது மிகக் குறைவாகவே எடுக்கும். ஆகவே தரை மானிட்டரைப் பாடுபவருக்கு நேர் எதிரே, மைக்கின் வால் அதைப் பார்த்திருக்கும்படி வைப்பதே முறை. ஷூரின் பீட்டா 58ஏ போன்ற, இன்னும் குறுகலான ஏற்பு கொண்ட சூப்பர்கார்டியாய்டு மைக்குகள் பக்கவாட்டு ஒலியை இன்னும் நன்றாகத் தடுக்கும், ஆனால் நேர் பின்னால் கொஞ்சம் கேட்கும். அவற்றுக்கு மானிட்டர் சற்றுத் தள்ளி, கோணமாக இருக்க வேண்டும். மானிட்டரின் இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை முதலில் பாடும் குழுவுக்குப் பல அரங்குகளில் கிடைப்பதில்லை என்பதால், எந்த இடத்திலும் பெரிதாக வம்பு செய்யாத எஸ்எம்58ஐயே நான் பரிந்துரைப்பேன்.

பாடுபவர்கள் பலரிடம் வலை உருண்டையை உள்ளங்கையால் பொத்திப் பிடிக்கும் பழக்கம் இருக்கிறது. பார்ப்பதற்கு எடுப்பாக இருக்கலாம். ஆனால் பின்புற ஒலியைத் தவிர்க்கும் வேலையைச் செய்வதே கேப்சூலின் பக்கவாட்டுத் துளைகள். கை அவற்றை அடைத்துவிட்டால் மைக் எல்லாத் திசையிலிருந்தும் ஒலியை வாங்கத் தொடங்கும், குரல் டப்பாவுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகும், மானிட்டர் கூவும். கூவுவதைக் கேட்டுப் பதறியவர் அதை அடக்கவென்று இன்னும் இறுக்கிப் பொத்துவார், சத்தம் இன்னும் ஏறும். நீளமான உடலைப் பிடிப்பதற்காகத்தான் கொடுத்திருக்கிறார்கள். எங்கள் பாடகி, விரல்கள் வலையின் வளையத்தைத் தாண்டாதபடி அதற்குக் கீழே மெல்லிய கறுப்பு டேப் ஒன்றைச் சுற்றி வைத்துக்கொண்டார். இருட்டிலும் விரலுக்குத் தட்டுப்படுகிறது.

அரங்குகளிலேயே மைக் இருக்கும்போது சொந்தமாக எதற்கு என்று கேட்பவர்களுக்கு, அந்த மைக்கின் வலையைக் கழற்றி ஸ்பாஞ்சை ஒருமுறை பார்க்கச் சொல்வேன். இரவுதோறும் வேறு வேறு வாய்கள் ஒட்டி நின்று பாடிய பொருள் அது. வேனில் நெருக்கியடித்துப் பயணிக்கும் குழுவில் ஒருவருக்குச் சளி பிடித்தால் எல்லோருக்கும் வருகிறது. பாடுபவரின் தொண்டை கட்டிவிட்டாலோ அடுத்தடுத்த நிகழ்ச்சிகள் கைவிட்டுப் போகும், அன்றைய எரிபொருள் செலவும் தங்கும் செலவும் கையிலிருந்துதான் போகும். இந்த ஒரு காரணத்துக்காகவே சொந்த மைக் தன் விலைக்கு மேலான பயனைத் தந்துவிடுகிறது என்று நினைக்கிறேன்.

சுத்தம் செய்வதும் கடினமல்ல. வலையை மட்டும் திருகிக் கழற்றி, மிதமான சோப்பு நீரில் மெல்லிய பல்துலக்கியால் தேய்த்து அலசி, ஈரம் முழுதாக வற்றும்வரை காற்றாட வைக்க வேண்டும். கேப்சூலின்மேல் ஒரு துளி நீரும் படக் கூடாது. கிருமிநாசினியை நேராக மைக்கின்மேல் தெளிப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பதறுகிறது. இரவில் கழுவித் தங்கும் அறையின் ஜன்னலோரம் வைத்தால் பொதுவாகக் காலைக்குள் காய்ந்துவிடும். அறையே இல்லாமல் இரவெல்லாம் ஓடும் பயணமாக இருந்தால் கழுவ வேண்டாம், உலர்ந்த துணியால் துடைத்து வைப்பதே நல்லது.

கம்பியில்லா மைக் வாங்கலாமே என்ற ஆசை இளம் குழுக்களுக்கு வருவது இயல்பு. எல்லை தாண்டிப் போகும் எண்ணமிருந்தால் அதைத் தள்ளிப் போடுங்கள். எந்த அலைவரிசையைப் பயன்படுத்தலாம் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது. ஓரிடத்தில் அனுமதிக்கப்பட்டது அடுத்த நாட்டில் சட்டவிரோதமாக இருக்கலாம். கம்பி மைக்குக்கு உரிமமும் வேண்டாம், பேட்டரியும் வேண்டாம். மூன்று முனை எக்ஸ்எல்ஆர் கேபிள் இல்லாத அரங்கே கிடையாது எனலாம். அவர்களுடைய கேபிள் கரகரத்தால் மாற்றிக்கொள்ள ஒன்று மட்டும் பையில் இருக்கட்டும். குரலின் அதிர்விலிருந்தே மின்சாரம் உண்டாக்கும் டைனமிக் வகை மைக் என்பதால் எஸ்எம்58க்கு மிக்சரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் தேவையில்லை, யாராவது தவறுதலாகப் போட்டுவிட்டாலும் கேபிள் ஒழுங்கானதாக இருந்தால் அதனால் கெடுதல் இல்லை.

சுவிட்ச் வைத்த எஸ்எம்58எஸ் என்ற வகையும் விற்கிறது. மேடைக்கு அது வேண்டாம். பாடுபவர் அறியாமல் அணைத்துவிட்டால், மிக்சரின் பக்கம் நிற்பவர் கேபிளிலா இணைப்பிலா எங்கே கோளாறு என்று தேடுவதற்குள் முதல் பாட்டு முடிந்துவிடும். பணம் இடம் கொடுத்தால் சுவிட்ச் இல்லாத வகையிலேயே இரண்டு வாங்குங்கள். உபரியாக இருப்பதைக் கூடச் சேர்ந்து பாடுபவரிடம் கொடுக்கலாம், அவசரத்துக்குக் கிட்டார் ஆம்ப்பின் முன்னாலும் நிறுத்தலாம். குழுவில் அத்தனை பேர் முன்னாலும் ஆளுக்கொரு மைக் வைக்கும் ஆசையை மட்டும் அடக்கிக்கொள்ளுங்கள். திறந்திருக்கும் மைக்குகள் இரட்டிப்பானால், கூவுவதற்கு முன் ஏற்றக்கூடிய ஒலியில் சுமார் 3 டெசிபல் பறிபோகும்.

இதன் புகழே போலிகளையும் பெருக்கியிருக்கிறது. உருவம், எழுத்து, அட்டைப்பெட்டி, உறை வரை அச்சு அசலாகச் செய்து விற்கிறார்கள். நம்ப முடியாத மலிவு விலையைக் கண்டால் விலகிவிடுங்கள், நிறுவனத்தின் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடமே வாங்குங்கள். பழைய மைக் ஒன்று கைமாறி வருவதாக இருந்தால், சமையலறைத் தராசில் வைத்து 298 கிராமுக்குப் பக்கத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். வலையைக் கழற்றி ஸ்பாஞ்சின் நிலையைப் பாருங்கள். மெல்லக் குலுக்கி உள்ளே ஏதும் உருள்கிறதா என்று கேளுங்கள். பிறகு அசல் என்று உறுதியாகத் தெரிந்த வேறொரு எஸ்எம்58ஐ அதே மிக்சரில் பக்கத்திலேயே இணைத்து, ஒரே வரியை இரண்டிலும் பாடிப் பாருங்கள். ஒலி அளவிலோ தெளிவிலோ வித்தியாசம் தெரிந்தால் அதை வாங்காதீர்கள்.