சேலைக் கடைக்கு ஏஐ சந்தா: எந்த வேலைக்குச் சரி, எந்த வேலைக்கு வேண்டாம்

சேலம் மாவட்டம் இளம்பிள்ளையில் சேலை மொத்த வியாபாரம் செய்கிற எங்களைப் போன்ற சின்னக் கடைகள் மாதச் சந்தா கட்டி ஏஐ செயலி வைத்துக்கொள்வது பிரயோஜனமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். என் பதில், வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடைச் சாவியைக் கொடுத்துவிடாதீர்கள். செயலியின் பெயரை எழுதவில்லை. பெரிய கம்பெனிகளின் செயலிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்திப் பார்த்தேன், கீழே சொல்கிற நல்லதும் கெட்டதும் எல்லாவற்றிலுமே இருந்தது. மாதம் இரண்டாயிரம் ரூபாய்க்குள் முடிகிற செலவுதான், அந்தப் பணம் திரும்பி வருமா என்பது எந்த வேலையை அதனிடம் விடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

எங்கள் வேலை பெரும்பாலும் வாட்ஸ்அப்பில்தான் ஓடுகிறது. தறியிலிருந்து வந்த சேலையைப் போட்டோ எடுத்து, விவரம் எழுதிக் குழுவில் போட்டால், வீட்டிலிருந்தே விற்கிற அக்காமார்கள் ஆர்டர் அனுப்புவார்கள். தமிழ்நாட்டோடு நிற்பதில்லை, பெங்களூரு, ஹைதராபாத், பாலக்காடு என்று போகும். அவர்கள் எழுதுவதைவிடப் பேசி அனுப்புவதுதான் அதிகம். தெலுங்கில் நீளமாக ஒரு குரல் செய்தி வரும், அதில் பாதி அவர்கள் வீட்டு விசேஷம், மீதியில் மூன்று சேலை, இரண்டு ஊர், போன தடவை வந்த பார்சலைப் பற்றி ஒரு குறை. ஏஐ சந்தாவுக்குக் கொடுத்த காசு இங்கேதான் முழுசாக வசூலானது. அந்தக் குரலை எழுத்தாக்கி, எந்தச் சேலை, எத்தனை, எந்த ஊர் என்று தமிழில் பட்டியல் போட்டுத் தருகிறது. அந்தப் பட்டியலை அவர்கள் மொழியிலேயே திருப்பி எழுத வைத்து, "சரிதானா அக்கா?" என்று கேட்டு, சரி என்று வந்த பிறகுதான் பார்சல் கட்டுகிறோம். செயலி தப்பாகக் கேட்டிருந்தாலும் பார்சல் கிளம்புவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நான் எந்த வேலையையும் இப்படித்தான் அளக்கிறேன். செயலி தப்பு செய்தால் அது கடையைவிட்டு வெளியே போவதற்குள் யார் கண்ணிலாவது படுமா, அப்புறம் அதைச் சரிபார்க்க ஆகிற நேரம் நாமே செய்கிற நேரத்தைவிடக் குறைவா. இரண்டுக்கும் ஆமாம் என்றால் கொடுத்துவிடலாம்.

சேலை விவரம் எழுதுகிற வேலை இதில் பாதி தேறும். மொழி நன்றாக வரும், சலிக்காமல் இருபது சேலைக்கு இருபது விதமாக எழுதித் தரும். ஆனால் விசைத்தறியில் ஓட்டிய, பெயரில் மட்டும் பட்டு இருக்கிற சாஃப்ட் சில்க் சேலையின் போட்டோவைக் காட்டினால் "தூய பட்டு, கைகளால் நெய்யப்பட்டது" என்று எழுதிவிடுகிறது. இணையத்தில் சேலைகளைப் பற்றி எழுதியதெல்லாம் அப்படித்தானே இருக்கிறது, அதைப் படித்துப் பழகியது வேறு எப்படி எழுதும். உண்மையான பட்டுக்கு 2004 முதல் சில்க் மார்க் இருக்கிறது, கைத்தறிக்கென்று தனி முத்திரை 2006-இல் வந்தது, அந்த முத்திரைகளை நம்பித் தொழில் செய்கிற நெசவாளர்கள் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். விசைத்தறிச் சேலையைக் கைத்தறி என்று போடுவது அவர்கள் வயிற்றில் அடிப்பது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி தவறான விளம்பரத்துக்கு வியாபாரியிடம்தான் கேட்பார்கள், செயலியிடம் கேட்க மாட்டார்கள். அதனால் நூல் என்ன, தறி என்ன, நீளம் எவ்வளவு, பிளவுஸ் சேர்த்தா இல்லையா என்பதை நாங்களே முதலில் எழுதிக் கொடுத்து, "இதில் இல்லாத எதையும் சேர்க்காதே" என்று சொல்லித்தான் வாங்குகிறோம். அப்படிச் சொன்ன பிறகும் ஒரு தடவை படித்துப் பார்த்துதான் குழுவில் போடுகிறோம். நிறத்தை மட்டும் கொடுப்பதே இல்லை. ராமர் பச்சைக்கும் மயில் கழுத்துக்கும் உள்ள வித்தியாசத்தை டியூப் லைட் வெளிச்சத்தில் எடுத்த போட்டோவை வைத்து அது சொல்ல முடியாது, சேலையைக் கையில் விரித்தவர்தான் சொல்ல வேண்டும். நிறம் மாறிப் போனால் பார்சல் திரும்பி வரும், கூரியர் செலவு நம் தலையில்.

வாடிக்கையாளருக்குத் தானாகவே பதில் போடுகிற பாட் ஒன்றையும் ஒருவர் வந்து விற்றார். இதற்கு என் மதிப்பெண் பூஜ்ஜியம். விற்றுப்போன சேலையை இருக்கிறது என்றது, பணமும் வாங்கச் சொன்னது. எங்கள் இருப்பு ஒரு நோட்டில் இருக்கிறது, இன்னொரு பாதி கடைப் பையன் நினைவில் இருக்கிறது, இரண்டையும் பார்க்க முடியாத ஒன்று வேறு என்ன சொல்லும்? இருப்புக் கணக்கு முழுசாகக் கணினியில் இல்லாத கடைக்காரர்கள் இந்தப் பக்கமே போக வேண்டாம். விலை, வங்கி விவரம், கூரியர் நாள் மாதிரி அடிக்கடி வருகிற கேள்விகளுக்கு வாட்ஸ்அப் பிசினஸில் இருக்கிற விரைவுப் பதில் வசதியே போதும். அது இலவசம், நாம் எழுதி வைத்ததைத் தவிர வேறெதுவும் சொல்லாது.

கணக்கு வேலைக்கும் பலர் ஏஐ தேடுகிறார்கள். வந்த பணத்தையும் பில்லையும் ஒத்துப் பார்க்க எக்செல் சூத்திரம் ஒன்று போதும், தினமும் ஒரே மாதிரி விடை தரும். கர்நாடகாவுக்குப் போகிற 50,000 ரூபாய்க்கு மேற்பட்ட சரக்குக்கு இ-வே பில் என்கிற ஜிஎஸ்டி அனுப்புச் சீட்டுப் போடுவது, சரக்கின் வகையைக் குறிக்கிற எச்எஸ்என் எண் எழுதுவது எல்லாம் ஆடிட்டர் சொன்னபடி கையால்தான். ஏஐ அடுத்து எந்தச் சொல் வரும் என்று கணித்துக் கணித்து எழுதுவது, தெரியாத எண்ணையும் தெரிந்த மாதிரியே தைரியமாக எழுதும். அந்த எண்ணைச் சரிபார்க்க ஆகிற நேரத்தில் பில்லே போட்டுவிடலாம். எந்தப் பட்டியலை அதனிடம் கொடுத்தாலும் பெயர், போன் நம்பர், முகவரி இருக்கிற பத்திகளை முதலில் அழித்துவிடுங்கள். அந்த அக்காமார்கள் நம்மை நம்பிக் கொடுத்த விவரம் அது.

தறியில் பூ வேலைப்பாடு விழ வைக்கிற ஜக்கார்டு கருவிக்கான டிசைனுக்கும் போட்டுப் பார்த்தேன். படம் கண்ணைப் பறிக்கும், ஆனால் தறிக்கு ஏறாது. பூ ஒன்று முடிந்து அடுத்தது தொடங்குகிற இடத்தில் ஒட்டாது, பாவு நூலைத் தூக்குகிற ஜக்கார்டு ஊக்குகளின் கணக்கு இருக்காது, ஒரே பார்டரில் எண்ண முடியாத நிறங்கள் இருக்கும். எந்த மாதிரி வேண்டும் என்று டிசைனரிடம் காட்டுவதற்கு உதவும், தறிக்கு ஏற்றுகிற கட்டம் போட்ட வரைபடமான கிராஃபை அவர்தான் போட வேண்டும்.

பாக்கி கேட்கிற செய்தியை மட்டும் நன்றாக எழுதினாலும் கொடுக்க மாட்டேன். ஏழெட்டு வருடமாகச் சரக்கு எடுக்கிற ஒரு அக்கா இந்த மாதம் தாமதித்தால் அவர் வீட்டில் ஏதோ நடந்திருக்கிறது என்று அர்த்தம். போன் போட்டு "என்னக்கா, எல்லாரும் நல்லா இருக்கீங்களா" என்றுதான் ஆரம்பிக்க வேண்டும்.

வாங்குவதாக இருந்தால் ஆடி மாதத்தில் இலவசப் பதிப்பை எடுத்து ஒரே ஒரு வேலைக்குப் போட்டுப் பாருங்கள். சேலம் கோட்டை மாரியம்மன் பண்டிகை சமயத்தில் தறிக்காரர்களும் ஓய்வாக இருப்பார்கள், கடையிலும் கூட்டம் இருக்காது, தப்பு வந்தால் உட்கார்ந்து பார்க்க நேரம் கிடைக்கும். தீபாவளிக்கு முந்தின வாரங்களில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள்.