ஜிம்மி ராட்ஜர்ஸா, கார்ட்டர் குடும்பமா?

அமெரிக்கக் கிராமப்புறத்தில் பிறந்த பழைய கன்ட்ரி இசையை எங்கிருந்து கேட்கத் தொடங்குவது? பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ், கார்ட்டர் குடும்பம் என்ற பாட்டுக்குழு என்று இரண்டு வாசல்கள் உண்டு, இரண்டும் திறந்தது ஒரே ஊரில். 1927 ஆகஸ்ட் தொடக்கத்தில், டென்னஸி எல்லையிலுள்ள பிரிஸ்டலில் விக்டர் என்ற இசைத்தட்டு நிறுவனத்துக்காக ரால்ஃப் பியர் ஒலிப்பதிவு நடத்தினார். கார்ட்டர் குடும்பம் முதலில் பாடியது. ஓரிரு நாளில் ராட்ஜர்ஸ் வந்தார். கூட வந்த குழுவோடு முறைத்துக்கொண்டதால் தனியாகத்தான் பாடினார்.

ராட்ஜர்ஸ் மிசிசிப்பிக்காரர், ரயிலில் பிரேக்மேன், அதாவது பிரேக்கைக் கவனிக்கும் ஊழியர். காசநோய் வந்து அந்த வேலை போயிற்று. ப்ளூஸ் என்ற கறுப்பின மக்களின் சோகப் பாட்டுக்கு நடுவே, குரலைச் சட்டென உச்சத்துக்கு உடைத்து யோடல் பாடுவார். 1930இல் ஜாஸ் கலைஞர் லூயி ஆர்ம்ஸ்ட்ராங்கின் ட்ரம்பெட்டோடும் பாடியிருக்கிறார். 1933 மே மாதம் நியூயார்க்கில் கடைசிப் பதிவு. ஒரு பாட்டு முடிந்ததும் கட்டிலில் சாய்ந்துகொள்வார், அப்புறம் எழுந்து அடுத்தது. சில நாளில் இறந்தார், வயது 35.

கார்ட்டர் குடும்பம் வர்ஜீனியா மலைக்காரர்கள். ஏ.பி. கார்ட்டர் ஊர் ஊராகப் போய்ப் பாட்டுகளைச் சேகரித்தார். மெட்டுகளை நினைவில் வைத்துக்கொண்டவர் கூடவே போன லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கிதார் கலைஞர். பாடியது பெரும்பாலும் ஏ.பி.யின் மனைவி சாரா. சாராவின் உறவினர் மேபெல் கட்டைவிரலால் கிதாரின் தடித்த கம்பிகளில் மெட்டை வாசித்து, மற்ற விரல்களால் தாளத்தைத் தட்டிக்கொண்டே போவார்.

தனி ஒருவரின் குரலுக்கு ராட்ஜர்ஸ்தான். ஆனால் நீங்கள் கிதார் கற்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம், மேபெலின் கட்டைவிரலைக் கவனியுங்கள்.